சேம்பர் ஆப்பரா: சொல் விளக்கம்

சில பாடகர்களும் பத்துப் பதினைந்து கருவியிசைஞர்களும் மட்டுமே சேர்ந்து, ஒரு கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பெரும்பாலும் பாட்டாலேயே நடித்துக் காட்டும் மேற்கத்திய நாடக வகைக்குச் ‘சேம்பர் ஆப்பரா’ என்று பெயர். பெரிய ஆப்பராவுக்கு வேண்டிய இசைக்குழுவும் பாடகர் கூட்டமும் மிகுந்த செலவு பிடிப்பவை என்பதால், இன்று வாழும் இசையமைப்பாளர்கள் பலர் இச்சிறு வடிவத்தை நாடுகின்றனர்.

‘ஆப்பரா’ என்ற இத்தாலியச் சொல்லுக்கு வேலை, ஆக்கம் என்பனவே பொருள். இசையால் அமைந்த ஆக்கம் என்ற தொடரே பின்னர் இவ்வாறு சுருங்கியது. முழுமையாகக் கிடைக்கும் ஆப்பராக்களில் மிகப் பழையது, 1600-இல் ஃபிளாரன்ஸில் அரங்கேறிய யாக்கோப்போ பேரியின் ‘யூரிடிச்சே’. ‘சேம்பர்’ என்பதோ, வளைகூரையையும் அறையையும் குறிக்கும் ‘காமரா’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நாம் படம் எடுக்கும் கேமராவும் அதே சொல்தான். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியர் இசையைத் தேவாலய இசை, நாடக அரங்க இசை, அறை இசை என்று மூன்றாகப் பிரித்தனர். அவர்கள் ‘அறை’ என்றது அரசரும் பிரபுக்களும் சிலரோடு அமர்ந்து கேட்ட மாளிகைக் கூடத்தை. கருங்கல் தூண்களும் மின்னும் கரிய தளமும் கொண்ட பத்மநாபபுரம் அரண்மனை நவராத்திரி மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அரங்குக்கு எதிர்ச்சொல்லாக நின்ற அறை பிற்காலத்தில் அரங்கக் கலையோடே ஒட்டிக்கொண்டது சற்று விந்தைதான்.

இவ்வடிவம் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டில். நமக்குப் பழக்கமான சத்தியவான் சாவித்திரி கதையை மூன்று முதன்மைப் பாடகர்களைக் கொண்டு ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் ஆப்பராவாக்கினார். அது 1916-இல் லண்டனில் அரங்கேறியது. பெஞ்சமின் பிரிட்டனின் ‘த டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ’ (1954) பதின்மூன்று கருவியிசைஞர்களைக் கொண்டே அமைந்தது. ஜூடித் வியர் 1979-இல் எழுதிய ‘கிங் ஹரால்ட்ஸ் சாகா’வில், பக்க இசையே இல்லாமல், ஒரே பெண் எட்டுப் பாத்திரங்களையும் பாடுகிறார். டெல்லியில் பிறந்த பரம் வீர், தாகூரின் கவிதையொன்றிலிருந்து உருவாக்கிய ‘ஸ்னாச்டு பை த காட்ஸ்’ 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் மேடையேறியது.

தமிழில் இதை நேரே பெயர்த்தால் ‘அறை ஆப்பரா’ என்றாகும். பறை அறைதலும் கன்னத்தில் அறைதலும் முந்திக்கொண்டு நினைவுக்கு வரும் என்பது ஒருபுறமிருக்க, பொருளும் பொருந்தவில்லை. ஹோல்ஸ்ட் தம் ‘சாவித்திரி’யைத் திறந்தவெளிக்கோ சிறு கட்டடத்துக்கோ உரியதாகவே கருதினார். ஆகவே சுவரை விட்டு அளவைப் பிடித்துக்கொண்டு ‘சிற்றரங்க இசைநாடகம்’ என்பதே தகும் எனக் கருதுகிறேன். ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் கொண்டதாகச் சிலப்பதிகாரம் அளந்து சொல்லும் அரங்கும் பெரியதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த, பேச்சும் பாட்டும் கலந்த நாடகங்களையும் ‘இசைநாடகம்’ என்றே அழைக்கிறோம் என்ற தடை உண்டு. ‘சிற்றரங்க’ என்ற அடை அக்குழப்பத்தைப் பெரிதும் நீக்கிவிடும்.

குமரி மாவட்டத்தார் வில்லுப்பாட்டையே இதற்கு இணையாகச் சொல்ல விரும்பலாம். அம்மன் கோயில் கொடை விழாவில் வில்லும் குடமும் உடுக்கும் தாளமும் கட்டையும் மட்டும் கொண்ட சிறு குழு, விடியும்வரை கதையை நடத்துவதும், ‘புலவர்’ எனப்படும் தலைமைப் பாடகர் ஒருவரே பல பாத்திரங்களின் குரலாவதும் வியரின் படைப்போடு ஒப்பிடத்தக்கவை. ஆயினும் அங்கே கதை சொல்லப்படுகிறது, நடிக்கப்படுவதில்லை. பாட்டுக்கிடையே வசனமும் உண்டு. புலவர் கூட்டத்தின் மனநிலை அறிந்து கதையை நீட்டவோ குறுக்கவோ செய்வார். ஆப்பராவிலோ இசையமைப்பாளர் தாளில் எழுதிய சுரக்குறிப்பே கட்டளை. நாகர்கோவில் தேவாலயங்களில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் எனக் குரல் பிரித்துக் குறிப்பு பார்த்துப் பாடும் பாடகர் குழுவினருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

இதனுடன் சேர்த்தே பேசப்படும் ‘ஆர்ட் சாங்’, நாட்டுப்பாடலிலிருந்து வேறுபடுத்த ஜெர்மானியர் வழங்கிய ‘குன்ஸ்ட்லீட்’ என்பதற்கு நிகரானது. ஒரு கவிதைக்கு, பெரும்பாலும் ஒரு குரலுக்கும் பியானோவுக்குமாக, அமைக்கப்படும் பாடல் அது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் மட்டுமே அறுநூறுக்கு மேல் இயற்றினார். ‘கலைப்பாடல்’ என்று பெயர்த்தால், வில்லுப்பாட்டு கலையில்லையா என்று குமரி மாவட்டத்துத் தோவாளைக்காரர் கேட்பார், கேட்பதும் நியாயமே. கவிதை முன்னும் இசை பின்னுமாகப் பிறப்பதால் ‘கவிதையிசைப் பாடல்’ என்று வழங்கலாம்.