பிரி ஃபிக்ஸ்: பெரிய உணவகங்களின் மதிய விலை

பாரிஸில் கொஞ்சம் பெரிய உணவகங்களின் வாசலில் மாட்டியிருக்கும் பட்டியலில் 'பிரி ஃபிக்ஸ்' என்ற சொல்லைப் பார்க்கலாம்: முழுச் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரே விலை என்று அர்த்தம். பிரெஞ்சில் 'பிரி' என்றால் விலை, 'ஃபிக்ஸ்' என்றால் மாறாதது. 'பிரி'யின் கடைசி எழுத்தை உச்சரிப்பதில்லை. இது தெரியாமல் அமெரிக்காவில் சில கடைகள் 'முன்பே தீர்மானித்தது' என்று பொருள் வரும்படி 'ப்ரீ-ஃபிக்ஸ்' என்றே எழுதிவைக்கின்றன. லத்தீன் 'பிரேட்டியும்' தான் மூலம், ஆங்கில 'பிரைஸ்' என்பதற்கும் அதே வேர்தான்.

இதைவிடப் பழையது 'தாப்ல் தோட்', அதாவது விருந்தளிப்பவரின் மேசை. பழைய ஐரோப்பியச் சத்திரங்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு வழிப்போக்கர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுத்துப் போவார்கள். நம் பந்திதான், காசு மட்டும் கூடுதல். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் உணவகங்கள் வந்தபோது தனி மேசையும், அட்டையைப் பார்த்து வேண்டியதைக் கேட்கும் 'அ லா கார்த்' முறையும் வந்தன. பிரி ஃபிக்ஸ் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: முதல் தட்டு, முக்கிய உணவு, இனிப்பு என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று தேர்வு உண்டு, மொத்த விலை ஒன்றுதான்.

பெரிய உணவகங்களில் இந்த ஒரே விலை இரவைவிட மதியத்தில் குறைவாக இருக்கும். சரி, மதியத்தில் மட்டும் ஏன் மலிவு? வாடகை எப்படியும் உண்டு, இரவுக்கான வேலைக்காகச் சமையலறையில் ஆட்களும் காலையிலேயே வந்துவிடுகிறார்கள், காலி மேசையால் யாருக்கும் லாபமில்லை. தேர்வு குறைவாக இருப்பதால் வீணாவதும் குறைவு. பெரிய இறாலுக்குப் பதில் மாட்டுக் கன்னக் கறி, அந்தந்தப் பருவத்துக் காய் என்று போவார்கள், ஆனால் சாஸ் செய்யும் கை அதே கைதான். 1982இல் பிரிட்டனில் முதன்முதலாக மூன்று மிஷலின் நட்சத்திரம் (மிஷலின் உணவகக் கையேட்டின் உச்ச மதிப்பு) வாங்கிய லண்டனின் லெ கவ்ரோஷில் பல ஆண்டுகள் மதிய விலைக்குள்ளேயே அரை பாட்டில் வைனும் காபியும் அடக்கம் (2024 ஜனவரியில் மூடிவிட்டார்கள், பாவம்). நியூயார்க்கில் 1992இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டையொட்டி, பெரிய உணவகங்கள் பல 19 டாலர் 92 சென்ட்டுக்கு மதிய உணவு கொடுத்தன. ஆண்டையே விலையாக்கிய அந்த யோசனைதான் 'ரெஸ்டாரன்ட் வீக்' என்று பிறகு ஊர் ஊராகப் பரவியது.

பொடி எழுத்தைப் படிக்காமல் உட்காராதீர்கள். 'சுப்ளமான்' என்றிருந்தால் அந்தத் தட்டுக்குத் தனிக் காசு. வைன் பெரும்பாலும் சேராது, கடைக்கு நல்ல லாபம் வருவதும் அங்கேதான். பிரான்ஸில் 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம், பரிமாறும் கட்டணமும் விலைக்குள் அடங்கிவிடும். லண்டனில் அந்தக் கட்டணமாகப் பில்லில் பெரும்பாலும் 12.5 சதவீதம் ஏறும். அப்புறம், பிரான்ஸில் 'ஆந்த்ரே' என்றால் முதலில் வரும் சின்னத் தட்டு, அமெரிக்காவில் அதே சொல் முக்கிய உணவைக் குறிக்கும்.

தமிழில் என்ன சொல்வது? 'அளவுச் சாப்பாடு' சட்டென்று வாயில் வருகிறது, ஆனால் அது சோற்றின் அளவைப் பற்றிய சொல், தேர்வுக்கு அதில் இடமில்லை. 'நிலைவிலை உணவு' சரிதான், அரசாணை வாடை அடிக்கிறது. என் ஓட்டு 'ஒருவிலை விருந்து'க்கு. தாப்ல் தோட்டுக்குப் 'பந்திச் சாப்பாடு' இருக்கவே இருக்கிறது.