வெள்ளத்தில் போனதற்கு அரசு நிவாரணம்: ஊத்தங்கரை, அரூர் பக்கத்து மக்களுக்கு

புயல் என்றால் அது கடலோரத்துக்காரர்கள் பாடு என்று இருந்த நம்மை 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் உலுக்கிவிட்டது. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த புயல், நகராமல் அங்கேயே நின்று, அப்புறம் மெதுவாக உள்ளே வந்ததில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. கொட்டியது. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வந்த தண்ணீர் ரோட்டோரம் நின்ற வேன்களையும் கார்களையும் பொம்மை மாதிரி உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம்.

அப்போது தமிழக அரசு அறிவித்த தொகை இதுதான்: உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம், சேதமான குடிசைக்கு 10,000, மாடு இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 ரூபாய். 33 சதவீதமும் அதற்கு மேலும் பாழான பயிருக்கு ஹெக்டேர் கணக்கில் இறவை (பாசன) நெல்லுக்கு 17,000, மழையை நம்பிய மானாவாரிக்கு 8,500, தென்னை, மா மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஏக்கருக்கு 17,000 வரும் என்று எண்ணி ஏமாந்துவிட வேண்டாம்.

ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் என்ற அறிவிப்பு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக்கு வந்தது. ஒவ்வொரு புயலுக்கும் அரசு தனியாக ஆணை போடும், எந்த மாவட்டம், எவ்வளவு என்பது அதில்தான் இருக்கும். பக்கத்து மாவட்டத்துக்குக் கிடைத்ததே என்று காத்திருப்பதைவிட உங்கள் இழப்பு கணக்கில் ஏறிவிட்டதா என்று பாருங்கள், ஏனென்றால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) எழுதி அனுப்பும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் பணம் வருவது ரொம்பக் கஷ்டம்.

அதனால் சேற்றை வாரிக் கொட்டுவதற்கு முன்னாடி போட்டோ எடுங்கள். இடிந்த சுவர், சுவரில் தண்ணீர் நின்ற கோடு, கதவு எண் எல்லாம் தெரிய வேண்டும். மாடு செத்துக் கிடந்தால் மனசு கேட்காமல் உடனே புதைத்துவிடுகிறோம். கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று கொடுக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் 37,500 கேட்டு வாங்குவது பெரும்பாடு. பயிரை வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுப்பார்கள். பட்டா தாத்தா பெயரிலேயே கிடக்கிற நிலம் நம் பக்கம் எத்தனையோ. சாகுபடி செய்வது யார் என்று கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கலில் ஒழுங்காக எழுதியிருக்கிறதா என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பார்த்து வைப்பது நல்லது.

வண்டிக்கு இந்த நிதியில் எதுவும் கிடையாது. இன்சூரன்ஸ்தான் வழி, அதிலும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் வெள்ளச் சேதத்துக்குக் காசு வராது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே வேண்டாம், இன்ஜின் போய்விடும், கிளெய்மிலும் அதைக் காட்டிக் கழித்துவிடுவார்கள். அப்படியே மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள்.

கணக்கெடுப்பில் உங்கள் வீடு விட்டுப்போயிருந்தால் தாசில்தாருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறும்போதே உதவி கேட்க மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070.