ஐயாயிரம் முகவரிகளும் ஒரு மொய் நோட்டும்

இணையத் தொலைபேசி சர்வர் ஒன்றை இணையத்தில் வைத்து, அழைப்புகள் உள்ளே வரும் வாசலான 5060 என்ற போர்ட்டை எல்லாருக்கும் திறந்துவிட்டால் போதும். சில மணி நேரத்துக்குள் முன்பின் தெரியாத இடங்களிலிருந்து கதவு தட்டப்படும். எக்ஸ்டென்ஷன் 100 இருக்கிறதா, 101 இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டு, இருப்பது தெரிந்ததும் பாஸ்வேர்டை ஊகிக்கத் தொடங்கும் நிரல்கள் அவை. அவற்றில் பல தங்களை 'ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்' என்று சொல்லிக்கொண்டு வரும். சிப்விஷஸ் என்ற பாதுகாப்புச் சோதனைக் கருவியிலிருந்து வந்த பெயர் அது.

பாஸ்வேர்ட் சிக்கிவிட்டால் சனிக்கிழமை ராத்திரி, ஆளில்லாத அலுவலகத்தின் சர்வர் வழியாக, நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் வாங்கும் வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் பறக்கும். வசூலில் ஒரு பங்கு மோசடிக்காரருக்குப் போகும். பில் அலுவலகத்துக்கு வரும்.

அதனால்தான் தெரிந்த ஐபி முகவரிகளை (இணைய இணைப்புகளின் அடையாள எண்களை) மட்டும் உள்ளே விடும்படி, வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வாலில் அனுமதிப் பட்டியல் போடுகிறார்கள். கெட்டவர்களைக் கண்டுபிடித்துத் தடுப்பதைவிட இதுவே மேல் என்பது என் உறுதியான எண்ணம். ஐபிவி4 என்ற முகவரி முறையில் சுமார் 430 கோடி முகவரிகள் இருக்கின்றன. அதில் யார் யார் கெட்டவர்கள் என்று எழுதி முடிக்க முடியாது. நம்முடைய கிளைகள் எவை என்று எழுதிவிடலாம். பத்து கிளை வரை இதில் ஒரு சிரமமும் இல்லை. பல நிறுவனங்களுக்குச் சேவை தரும் சர்வரில் பட்டியல் ஐயாயிரத்தைத் தொடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் வந்த வரிசையில் எழுதியிருக்கும். ஒருவர் எவ்வளவு எழுதினார் என்று பின்னால் பார்க்க வேண்டுமென்றால் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் முகவரிக்கு ஒரு விதி என்று எழுதினால் அதுவும் இப்படித்தான் வேலை செய்யும். வரும் பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, முதல் விதியோடு ஒப்பிடும், அப்புறம் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது.

குரல் அழைப்பில் பாக்கெட்டுகள் சிறியவை, ஆனால் ஏராளம். குரலைத் தகவலாக மாற்றும் வழக்கமான ஜி.711 முறையில் 20 மில்லிவினாடிக்கு ஒன்று, அதாவது ஒரு பக்கத்திலிருந்து வினாடிக்கு 50. இரண்டு பக்கமும் சர்வர் வழியாகப் பேசினால் 100. ஒரே நேரத்தில் 200 அழைப்புகள் நடந்தால் வினாடிக்கு 20,000 பாக்கெட். ஒவ்வொன்றும் ஐயாயிரம் விதியைத் தாண்ட வேண்டி வந்தால் வினாடிக்கு 10 கோடி ஒப்பீடுகள். குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்கு அது போதும்.

ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் உரையாடலின் பாக்கெட்டுகளை முதல் விதியிலேயே விட்டுவிடுவது பாதி மருந்து. மீதிப் பாதிதான் பலர் கவனிக்காதது: பட்டியலில் இல்லாத அந்நியரின் பாக்கெட் எந்த விதியோடும் பொருந்தாமல் கடைசி வரை போகும். நாம் விரட்ட நினைக்கும் ஆளுக்குத்தான் நம் சர்வர் அதிகம் உழைக்கிறது. தாக்குதல் வலுக்க வலுக்க அந்த உழைப்பும் கூடும்.

இதற்குத் தீர்வு, முகவரிகளைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளும் ஐபிசெட் என்ற கருவி. 2011-இல் வந்த லினக்ஸ் 2.6.39 முதல் அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. முகவரியை ஒரு சூத்திரத்தில் போட்டால் ஓர் எண் கிடைக்கும்; அதுதான் பக்க எண். நேராக அந்தப் பக்கத்தைத் திறந்து, பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. ஐந்து முகவரி இருந்தாலும் ஐம்பதாயிரம் இருந்தாலும் ஏறக்குறைய அதே வேலைதான். ஐயாயிரம் விதிகள் இருந்த இடத்தில் ஒரே விதி நிற்கும். ஐபிடேபிள்ஸுக்கு மாற்றாக 2014-இல் வந்த என்எஃப்டேபிள்ஸில் இந்த வசதி உள்ளேயே அமைந்திருக்கிறது.

தனி முகவரிகளுக்குப் பதிலாக, அடுத்தடுத்த முகவரிகளை மொத்தமாகக் குறிக்கும் /24, /22 போன்ற தொகுதிகளை வைத்தால் ஒரு நுணுக்கம் உண்டு. பட்டியலில் எத்தனை வேறுவேறு அளவுத் தொகுதிகள் இருக்கின்றனவோ, ஐபிசெட் அத்தனை முறை தேடிப் பார்க்கும். அதனால் தொகுதிகளின் எண்ணிக்கையை விட அளவுகளின் வகையைக் குறைப்பதில்தான் பலன் அதிகம். இன்னொன்று, பட்டியலின் உச்சவரம்பு நாம் மாற்றாதவரை 65,536 தான். அதற்கு மேல் சேர்த்தால் பிழை காட்டி மறுத்துவிடும்.

பட்டியலைப் புதுப்பிக்கும்போது பழையதை அழித்துவிட்டுப் புதியதை நிரப்பக் கூடாது. இடைப்பட்ட நொடிகளில் பட்டியல் காலியாக இருக்கும், புதிதாக வரும் அழைப்புகள் வெளியே நிற்கும். வேறொரு பெயரில் புதுப் பட்டியலை முழுதாகக் கட்டி, ஸ்வாப் கட்டளையால் இடம் மாற்ற வேண்டும். ஒரே கணத்தில் நடந்துவிடும். சர்வர் மறுபடி தொடங்கும்போது வரிசையும் முக்கியம். விதிகள் முதலில் ஏற முயன்று, அவை குறிப்பிடும் பட்டியல் அப்போது இல்லையென்றால், ஒரு விதிகூட ஏறாது. ஃபயர்வால் இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்க, கதவு விரியத் திறந்து கிடக்கும். மறுதொடக்கத்துக்குப் பிறகு விதிகளைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவரின் முகவரி அடிக்கடி மாறும். மொபைல் இணையத்தில் ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள், அதை அனுமதித்தால் முன்பின் தெரியாதவர்களையும் அனுமதித்ததாகும். அவர்களுக்கு, இணையத்தின் நடுவே தனிப் பாதை போட்டுத் தரும் விபிஎன்தான் சரி. தற்காலிகமாகச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் காலக்கெடுவோடு சேர்க்கலாம், நேரம் முடிந்ததும் பதிவு தானாக விழுந்துவிடும்.

மூடிய கிளையின் முகவரியை இணைய நிறுவனம் நாளை வேறு யாருக்கோ கொடுக்கும். நம் பட்டியலில் அது அப்படியே இருந்தால் அந்தப் புது ஆளுக்கும் கதவு திறந்திருக்கும். ஒவ்வொரு பதிவோடும் யாருக்காக, எப்போது சேர்த்தது என்று குறிப்பு எழுத ஐபிசெட்டில் இடம் உண்டு. எத்தனை பாக்கெட் வந்தது என்று எண்ணவும் சொல்லலாம். மூன்று மாதமாகப் பூஜ்யமே காட்டும் பதிவு மீது சந்தேகப்படலாம். ஆனால் உடனே நீக்க வேண்டாம். தொடர்பு அறுபடாமல் நீண்டுகொண்டே போகும் போன், நடப்பு உரையாடலை விட்டுவிடும் அந்த முதல் விதியிலேயே கடந்துபோய், இந்த எண்ணிக்கையில் சேராமல் இருந்திருக்கலாம். அந்தக் கிளைக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். யாராவது எடுத்தால் பதிவு இருக்கட்டும்.