அமிலாய்டில் அமிலம் இல்லை

“சேர், அமிலாய்டு எண்டா அமிலம் மாதிரி ஒண்டா?” உவர்மலையில் உயிரியல் படிக்கும் ஏ.எல். மாணவன் ஒருவன் கேட்டான். அவனுடைய அம்மம்மாவுக்கு அல்சைமர். அறளை பெயர்ந்துவிட்டது என்கிறார்கள் வீட்டில். மூளையில் அமிலாய்டு படிகிறது என்கிறார்கள் கிளினிக்கில்.

பையனைக் குறை சொல்ல முடியாது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான் தெரிகின்றன. ஆனால் உறவு கிடையாது. வேர் கிரேக்கத்தில் இருக்கிறது: அமிலோன். ‘மிலே’ என்றால் திரிகை, முன்னால் நிற்கும் ‘அ’ இல்லாமையைக் குறிக்கும். திரிகையில் அரைக்காமல், தானியத்தை ஊறவைத்துப் பிழிந்து எடுத்த மா என்பதால் மாப்பொருளுக்கு அந்தப் பெயர். உமிழ்நீரில் மாப்பொருளை உடைக்கிற அமைலேசும் இந்த வேரில் வந்ததுதான். ‘ஆய்டு’ என்பது ‘போன்றது’.

அப்படியானால் மூளையில் மாப்பொருளா? அதுதான் வேடிக்கை. இலையில் அயடின் விட்டுக் கருநீலம் பார்ப்போமே, 1854 இல் ஜெர்மன் மருத்துவர் ருடோல்ஃப் விர்ச்சோ மூளையில் கண்ட சிறு உருண்டைகளில் அதே வகைச் சோதனையைச் செய்தார். நிறம் மாறியது, அமிலாய்டு என்றார். அந்த உருண்டைகள் உண்மையிலேயே பெரும்பாலும் குளுக்கோசால் ஆனவை. பிற உறுப்புகளில் இருந்த படிவுக்கும் அதே பெயரை நீட்டியதில்தான் சறுக்கல். 1859 இல் மருத்துவர் ஃபிரீட்ரைக்கும் இரசாயனவியலாளர் கெக்குலேயும் மண்ணீரல் படிவைச் சோதித்துப் பார்த்தார்கள். மாப்பொருள் இல்லை, புரதம்தான். பெயர் மட்டும் போகவில்லை.

அல்சைமரில் படிவது அமிலாய்டு பீற்றா. நரம்புக் கலத்தின் மென்சவ்வில் நிற்கும் ஒரு பெரிய புரதத்தை இரண்டு நொதியங்கள் வெட்ட, 40 அல்லது 42 அமினோ அமில நீளத்தில் துண்டுகள் விழும். 42 தான் வில்லங்கம்: ஒன்றோடொன்று எளிதில் ஒட்டி, அடுக்கடுக்காய் இழையாகிவிடும். தாய்ப் புரதத்தின் பரம்பரையலகு 21 ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்த நிறமூர்த்தம் மூன்று என்பதால், 40 வயதளவில் ஏறக்குறைய எல்லோருக்கும் இந்தப் படிவு இருக்கும். வெட்டும் நொதியம் ஒன்றின் பகுதியான பிரெசெனிலின் 1 இன் பரம்பரையலகில் விகாரம், அதாவது பிறழ்வு, வந்தால் பெரும்பாலும் 60 வயதுக்கு முன்பே நோய் வரும். அம்மம்மாக்களுக்கு வருவது அநேகமாக இப்படி ஒரே பரம்பரையலகு வழியாக நேராக இறங்குவதல்ல. அப்போ-ஈ என்ற பரம்பரையலகின் அப்போ-ஈ4 என்ற வடிவம் அவர்களில் ஆபத்தைக் கூட்டும், அவ்வளவுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் ‘மாப்போலி’ என்று சொல்லிப் பார்த்தேன். போன்றது, ஆனால் அது அல்ல என்ற இரண்டு பொருளும் ‘போலி’யில் இருக்கிறதே என்று எனக்குள் பெருமை வேறு. பையன் உடனே, “அப்ப அம்மம்மாவுக்கு இடியப்பம் குடுக்கக் கூடாதா?” என்றான். விட்டுவிட்டேன். இப்போது ‘படிபுரதம்’ என்று எழுதுகிறேன். வினைத்தொகை: படிந்த, படிகின்ற, படியும் புரதம். மறதி வெளியில் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே படியத் தொடங்கிவிடுகிற பொருளுக்கு மூன்று காலமும் வேண்டியிருக்கிறது.