இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை

நித்திரையில் கிடப்பவர் ஒரு இரவில் பல தடவை புரளுவார். விடிந்து கேட்டால் ஒன்றும் தெரியாது. அமுங்கிய இடத்தில் இரத்தம் குறைந்ததும் அந்தச் சேதி முள்ளந்தண்டு வடத்தால் மூளைக்கு ஏறும், உடம்பு தானாகத் திரும்பும். வடம் சேதமானவருக்குச் சேதி ஏறாது. 2009 வரை விழுந்த ஷெல்லாலும், பனை, தென்னையிலிருந்து தவறி விழுந்தும் இப்படிப் படுத்தவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். இரவில் துணைக்கிருப்பவர் மணிக்கூட்டைப் பார்த்து அந்தப் புரளலைச் செய்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும்.

தோலின் நுண்ணிய குருதிக்குழாய்களில் அமுக்கம் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் இரசம்தான். மல்லாந்து கிடக்கையில் நாரிக்குக் கீழுள்ள எலும்பிலும் குதிக்காலிலும் அதைவிடக் கூடிய பாரம் விழுந்து குழாய்கள் நசியும். எலும்பை ஒட்டிய தசைதான் தோலுக்கு முதல் சாகும். அதனால் வெளியே சின்னக் கறுப்பாகத் தெரிவது உள்ளே பெருங்குழியாக இருக்கலாம்.

10, 12, 2, 4 மணிக்குத் திருப்புங்கள். “அண்ணை, வலப்பக்கம் திருப்பப் போறன்” என்று முதலில் சொல்லுங்கள். திடீரென்று தொட்டால் கால்கள் விறைத்து இழுக்கும். முழுதாகச் சரித்தால் இடுப்பெலும்பு குத்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை செருகி 30 பாகை சரித்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, கெண்டைக்காலின் கீழ் ஒன்று. குதிக்காலுக்கும் மெத்தைக்கும் இடையில் ஒரு கடதாசி தடையில்லாமல் போய்வர வேண்டும். இழுக்காதீர்கள்: தோல் மெத்தையில் ஒட்டி நிற்க எலும்பு நகர்ந்து, இடையிலுள்ள குழாய்கள் கிழியும். இரண்டு பேர் விரிப்போடு தூக்குங்கள். சாரத்தின் முடிச்சும் சலக்குழாயும் உடம்புக்குக் கீழே அகப்படக் கூடாது.

திருப்பும்போது ரோர்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் நிறத்தில் சிவப்பு இலகுவில் தெரியாது. புறங்கையை வையுங்கள், சூடோ கட்டியோ தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் படுக்க விடாதீர்கள். எண்ணெய் போட்டு உரசினால் நசிந்த தசை இன்னும் சிதையும். வளையத் தலையணை சுற்றிவர இரத்தத்தை மறிக்கும், வேண்டாம். சித்திரை வெக்கையில் றப்பர் விரிப்பு வியர்வையைத் தேக்கித் தோலை ஊறவைக்கும். மேலே பருத்தித் துணி போட்டு, நனைந்ததும் மாற்றுங்கள்.

மார்பு முள்ளந்தண்டின் 6ஆம் கணுவிலோ அதற்கு மேலோ அடிபட்டவர் நடுச்சாமத்தில் தலை வெடிக்குது என்றால், முகம் சிவந்து வியர்த்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். பெரும்பாலும் சலக்குழாய் மடிந்து, அடிவயிற்றுக்குள் சலப்பை நிரம்பியிருக்கும். அதை உணர முடியாத உடம்பு இரத்த அமுக்கத்தை ஏற்றிவிடும். மூளையில் இரத்தம் கசியும் அளவுக்கும் ஏறலாம். முதலில் நிமிர்த்தி இருத்துங்கள், படுக்க வைத்தால் இன்னும் ஏறும். உடுப்பைத் தளர்த்தி, குழாயை நிமிர்த்துங்கள். சலம் வராவிட்டால், அல்லது வந்தும் தலையிடி குறையாவிட்டால், 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

இப்படியானவரின் இரத்த அமுக்கத்தின் மேல் எண் வழமையில் 90 முதல் 110 வரைதான் இருக்கும். 140 என்பது பார்ப்பவருக்குச் சாதாரணமாகத் தோன்றும், இவருக்கு அது ஆபத்து. அவருடைய வழமையான அளவைக் கட்டில் பக்கச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அம்புலன்சில் வருபவரிடம் அதை முதலில் காட்டுங்கள்.