பிளாஷ்பேக் – பின்னோக்கு

ஓடிக்கொண்டிருக்கும் கதையை நிறுத்திவிட்டு, அதற்கு முன்பு நடந்ததைக் கண்முன்னே நடப்பதுபோலக் காட்டுவது பிளாஷ்பேக். ‘பத்து வருஷத்துக்கு முன்னாடி இவங்க வீட்ல யானையே கட்டிப் போட்டிருந்தாங்க’ என்று ஒரு பாத்திரம் சொல்லிவிட்டுப் போனால் அது வெறும் தகவல். அந்த வீட்டு முற்றத்தில் நாமே போய் நின்றால்தான் பிளாஷ்பேக்.

ஆங்கிலத்தில் ‘பிளாஷ்’ பளிச்சென்ற மின்னல், ‘பேக்’ பின்பக்கம். வெல்டிங் பட்டறையிலும் இதே சொல் உண்டு. டார்ச் நுனியில் எரிய வேண்டிய தீ குழாய்க்குள் திரும்பி ஓடுவதற்கு அங்கே அந்தப் பெயர். சினிமாவுக்கு இச்சொல் மௌனப்படக் காலத்திலேயே வந்துவிட்டது.

உத்தியோ சொல்லைவிட மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த பிறகு, கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் கோவலனின் முற்பிறப்பைச் சொல்கிறது. சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரோடு இருந்தவன், வணிகன் சங்கமனை ஒற்றன் என்று பழிசுமத்திக் கொல்வித்தான். இளங்கோ இதைக் காட்சியாக விரிக்கவில்லை, சுருக்கமாகச் சொல்லவைக்கிறார். ஆனால் வைத்த இடம் அபாரம். ‘கோவலனுக்கு ஏன் இப்படி?’ என்று நாம் தவிக்கும்போது பதில் வருகிறது. இதையே காப்பியத்தின் தொடக்கமான மங்கல வாழ்த்துப் பாடலில் வைத்திருந்தால் யார் கவனித்திருப்பார்கள்? 1954-இல் வந்த ‘அந்த நாள்’ படத்திலும் இதே கணக்குத்தான்: தொடக்கத்திலேயே கதாநாயகன் சுடப்பட்டுச் சாகிறான், யார் சுட்டது என்ற கேள்வி எழுந்த பிறகே ஒவ்வொருவர் சொல்வதும் பழைய காட்சியாக விரிகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? பலரும் எழுதும் ‘முன்கதை’ பொருந்தாது. தொடர்கதை படித்தவர்களுக்கு ‘முன்கதைச் சுருக்கம்’ என்றால் போன வாரம் வரை நடந்தது. தவிர, முன்கதை என்பது பாத்திரத்தின் பழைய வாழ்க்கை முழுவதும்; அதில் பெரும்பகுதி எழுதுபவரின் நோட்டிலேயே இருக்க வேண்டியது. ‘நனவோடை’ மன ஓட்டத்தை அப்படியே எழுதும் வேறொரு உத்தி. ‘கொசுவத்தி சுத்துறது’ பேச்சுக்கு அழகு, பாடப்புத்தகத்துக்கு ஆகாது. ‘பின்னோக்கு’தான் சரி. ‘பின்னோக்குக் காட்சி’, ‘பின்னோக்கு உத்தி’ என்று ஒட்டிக்கொள்ளவும் வளைந்து கொடுக்கிறது.

சிறுகதையில் பின்னோக்கைத் தாங்குவது வினைமுற்று. நடப்புக் கதை ‘வந்தான், போனான்’ என்று இறந்தகாலத்தில் ஓடினால், பழைய காலத்துக்குள் நுழையும் முதல் ஒன்றிரண்டு வாக்கியங்கள் மட்டும் ‘இருந்தான்’ ஏற்க வேண்டும்:

‘மாலதி சாவியைக் கையில் எடுத்தாள். அப்பா அதை வாசல் மாடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்று மழை. அவர் குடையைக் கூட எடுக்கவில்லை.’

மூன்றாவது வாக்கியத்திலிருந்து சாதாரண இறந்தகாலம் போதும். ‘எடுத்திருக்கவில்லை, நனைந்திருந்தார், திரும்பியிருந்தார்’ என்று பத்தி முழுக்க இழுத்தால் நடை நொண்டும். திரும்பி வரும்போது ‘இப்போது’ என்று எழுதுவதைவிட, புறப்பட்ட பொருளையே தொடுவது நல்லது: ‘சாவி பூட்டுக்குள் சுற்றவில்லை.’ இதைச் செய்யாமல் விட்டால் எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் வாசகர் இரண்டு வரி மேலே போய்ப் படிப்பார்.

இன்னொரு பிழை அடிக்கடி நடக்கிறது. நினைத்துப் பார்ப்பவர் அன்று அந்த அறையிலேயே இல்லை, ஆனால் அங்கே நடந்த ரகசியப் பேச்சு முழுதும் அவர் நினைவில் வருகிறது! யாருடைய பின்னோக்கோ, அவர் கண்டதும் கேட்டதும் மட்டுமே அதில் வரலாம்.

திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். எட்டுப் பக்கப் பின்னோக்கு எழுதினால், நடப்புக் கதை எட்டு நிமிடம் அப்படியே நிற்கும் என்று அர்த்தம். அதைத் தாங்கும் அளவுக்கு முந்தைய காட்சியில் கேள்வி வலுவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காட்சித் தலைப்பில் ‘உள் / வீடு / இரவு / 1987 – பின்னோக்கு’ என்று ஆண்டோடு எழுதி, முடியும் இடத்தில் ‘பின்னோக்கு முடிவு’ என்றும் குறிக்க வேண்டும். உடை, ஒப்பனை, கலைத் துறைகள் அந்தத் தலைப்பை வைத்துத்தான் பட்டியல் போடுகின்றன. முடிவைக் குறிக்காமல் விட்டால், நரைத்த தலையோடு நிற்க வேண்டியவர் படப்பிடிப்புக்குக் கருத்த மீசையோடு வந்து நிற்பார்.