வாக்கிங்: ஒரு சொல், இரண்டு நடை

எங்கள் தெருமுனைப் பூங்காவில் காலை 6 மணிக்கு யாரை நிறுத்திக் கேட்டாலும் ‘வாக்கிங் வந்தேன்’ என்பார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி விடுவிடுவென்று சுற்றுகிறவரும் அதைத்தான் சொல்கிறார். செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து, வேப்பமரத்தடியில் நின்று, ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்கிறவரும் அதைத்தான் சொல்கிறார். இதற்குத் தமிழ் என்ன? பத்திரிகைகள் ‘நடைப்பயிற்சி’ என்று எழுதுகின்றன. முதல் ஆளுக்கு அது கச்சிதம். இரண்டாம் ஆள் எந்தப் பயிற்சியும் செய்யவில்லையே!

அந்த ஆங்கிலச் சொல்லின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ‘வாக்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் நடை என்ற பொருளே கிடையாது. ‘வெயல்கன்’ என்று இருந்த அந்த வினைக்கு உருளுதல், புரளுதல் என்று பொருள். கடல் கொந்தளித்துப் புரள்வதற்கு அதைச் சொன்னார்கள். காலால் நடப்பதற்கு அப்போது இருந்த சொல், இன்று ‘போ’ என்ற பொருளில் வரும் ‘கோ’. தவழ்ந்த பிறகுதான் நடக்க முடியும் என்று சொல்லும் ஓர் ஆங்கிலப் பழமொழியில், நடப்பதற்கு ‘கோ’தான் வருகிறது. 13-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான் ‘வாக்’ அங்குமிங்கும் போவது, பிறகு காலால் போவது என்று பொருள் மாறி வந்தது. கடலுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று தமிழ் பேசுகிறவர்கள் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. நமக்குக் கடலில் இருப்பதும் அலைதான். வேலை தேடித் தெருத்தெருவாகப் போனால் அதுவும் அலைச்சல்தான்.

பழைய பொருள் அடியோடு போய்விடவும் இல்லை. கம்பளித் துணியை நெய்து எடுத்ததும் அது தளர்வாக, சல்லடை மாதிரி இருக்கும். தொட்டியில் போட்டு, ஒருவகைக் களிமண்ணோ புளித்த சிறுநீரோ கலந்த தண்ணீரில் மிதித்து மிதித்துப் புரட்டினால் எண்ணெய்ப் பிசுக்கு போய், இழைகள் ஒன்றோடொன்று இறுகும். இந்த வேலை செய்தவருக்கு ‘வாக்கர்’ என்று பெயர். இங்கிலாந்தின் வடபகுதியில் வாக்கர் என்ற குடும்பப் பெயர் இன்றும் நிறைய உண்டு. அதே தொழில் செய்தவர்கள் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். ஆக, உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பெயர்கொண்டவர்களின் முன்னோர் நடந்தே ஊர் சுற்றியவர்கள் அல்லர், நின்ற இடத்திலேயே துணியை மிதித்தவர்கள். ஜெர்மனில் ‘வால்கன்’ என்றால் இன்றும் துணியை இப்படி இறுக்குவதுதான். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஈரக் கம்பளியை அடித்து அடித்துத் தாளத்தோடு பாடிய பாட்டுகளுக்கும் இந்தச் சொல்லின் கிளையையே ஆங்கிலத்தில் பெயராக வைத்திருக்கிறார்கள். நம் நாற்று நடவுப் பாட்டு மாதிரி.

ஆங்கிலத்தில் நடைக்கு உறவுக்காரச் சொற்கள் ஏராளம். நிதானமாக நடப்பதைச் சொல்லும் ‘ஆம்பிள்’, நடப்பது என்று பொருள்படும் லத்தீனின் ‘அம்புலாரே’யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, முதலில் குதிரை அலுங்காமல் போகும் நடைக்குச் சொன்னது. அந்த லத்தீன் வேரின் இன்னொரு பிள்ளைதான் ஆம்புலன்ஸ். படையோடு கூடவே இடம் மாறும் மருத்துவமனையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘நடக்கும் மருத்துவமனை’ என்றார்கள். அது சுருங்கி வண்டிக்குப் பெயரானது. நடக்க முடியாதவரை ஏற்றிப் போகும் 108-இன் பெயருக்குள்ளே நடை உட்கார்ந்திருக்கிறது. குதிரை சீராக ஓடும் ‘கேன்டர்’ என்ற நடைக்குக் கான்டர்பரி என்ற ஊர்தான் மூலம். அந்த ஊர்க் கோயிலுக்கு யாத்திரை போனவர்கள் குதிரையை ஓட்டிய வேகம் அது.

‘சான்டர்’ என்ற சொல் சாவகாசமாக நடப்பதைக் குறிக்கும். அமெரிக்க எழுத்தாளர் தோரோ, 1862-இல் அச்சான நடை பற்றிய கட்டுரையில் இதற்கு ஒரு மூலம் சொன்னார். புனித பூமிக்குப் போகிறேன் என்று சொல்லிப் பிச்சை கேட்டுத் திரிந்தவர்களைப் பிரெஞ்சில் ‘சேன்ட் தேர்’ ஆட்கள் என்று அழைத்ததிலிருந்து வந்தது என்றார். கேட்க அழகாக இருக்கிறது. அகராதிக்காரர்கள் ஏற்கவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் இதை ஒத்த ஒரு சொல்லுக்கு யோசனையில் ஆழ்ந்திருப்பது என்று பொருள். நடை பின்னால்தான் சேர்ந்தது. எனக்கு என்னவோ இந்த உண்மைக் கதைதான் அதிகம் பிடித்திருக்கிறது. ஏதோ யோசனையில் கால் போன போக்கில் போவதுதானே அந்த நடை?

இன்று சும்மா உலாவுவதைச் சொல்லும் ‘ஸ்ட்ரோல்’ 17-ஆம் நூற்றாண்டுவாக்கில் வந்தபோது மரியாதையான சொல்லாக இல்லை. ஊர் ஊராகத் திரியும் நாடோடிகளையும் கூத்தாடிகளையும் குறித்தது. நம் ‘திரி’யும் அப்படித்தான். ‘பையன் எங்கே?’ என்றால் ‘எங்கேயாவது திரிவான்’ என்று அப்பா சொல்லும்போது அதில் பாசத்தைவிட எரிச்சல்தான் கூடுதல்.

இத்தனையையும் பார்த்துவிட்டு ‘தமிழில் இவ்வளவு சொல் இல்லையே’ என்று சிலர் வருத்தப்படுவார்கள். கொஞ்ச காலம் மொழிபெயர்ப்புகளைத் திருத்தும் வேலை பார்த்தபோது நானும் அப்படி நினைத்தேன். ஆங்கிலத்தில் ஆறு விதமாக நடந்தவர்கள் எல்லாரும் தமிழில் ‘மெதுவாக நடந்தான்’ ஆகிவிடுவார்கள். குறை மொழியில் இல்லை, தேடிய இடத்தில் இருந்தது. ஆங்கிலத்தின் சொந்த வினைகள் எப்படிப் போனான் என்பதைச் சொல்லும். எந்தப் பக்கம் போனான் என்பதற்குப் பக்கத்தில் ‘இன்’, ‘அப்’, ‘டவுன்’ என்று ஒரு துண்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். தமிழில் இது தலைகீழ். நுழை, ஏறு, இறங்கு, கட, சேர், திரும்பு என்று போகும் வழியைத்தான் நம் வினை சொல்கிறது. ஆங்கிலத்திலும் நுழைவதற்கு ‘என்டர்’, இறங்குவதற்கு ‘டிசென்ட்’, வந்துசேர்வதற்கு ‘அரைவ்’ உண்டே என்றால், உண்டு. எல்லாம் பிரெஞ்சிலும் லத்தீனிலும் கடன் வாங்கியவை.

போகிற விதத்தைத் தமிழ் வினையெச்சத்தில் வைக்கும், அதையும் இரட்டித்து வைக்கும். ‘லிம்ப்’ என்று அவர்கள் ஒரே சொல்லில் முடிப்பதைப் பாருங்கள். முள் குத்திய காலை முழுதாக ஊன்றாமல் போனால் தாங்கித் தாங்கி நடப்பது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மறுகாலில் தத்தினால் கெந்திக் கெந்திப் போவது. இரண்டு காலும் தரையில் பட்டும் நடை ஒரு பக்கம் சாய்ந்தால் விந்தி விந்தி நடப்பது. நொண்டுவது பொதுச்சொல். எங்கள் பாட்டி வாசலில் உட்கார்ந்தபடியே, வருகிறவர் தாங்குகிறாரா விந்துகிறாரா என்று பார்த்து, முள்ளா மூட்டுவலியா என்று சொல்லிவிடுவாள். குழந்தையின் ‘டாடில்’ தத்தித் தத்தி நடப்பது. தளர்நடை என்று அழகான பெயர்ச்சொல்லும் இருக்கிறது. ‘வாடில்’ அசைந்து அசைந்து, ‘ட்ரட்ஜ்’ காலை இழுத்து இழுத்து. ‘ஜாகிங்’கிற்கு மெல்லோட்டம் நன்றாகவே நிலைத்துவிட்டது. ‘அறைக்குள் லிம்ப் செய்தார்’ என்பதை ‘தாங்கித் தாங்கி அறைக்குள் நுழைந்தார்’ என்று எழுதினால் எதுவும் குறையவில்லை. எந்தக் காலில் என்ன என்பதுகூடக் கொஞ்சம் தெரிகிறது.

நட என்ற வேரும் சும்மா இல்லை. விபத்து நடக்கிறது, கடை நடத்துகிறார், பிள்ளையின் நடத்தை சரியில்லை, எழுத்தாளரின் நடை நன்றாக இருக்கிறது, கோயில் நடை சாத்தியாச்சு, இன்னும் இரண்டு நடை போனால் தண்ணீர் நிரம்பிவிடும். இவ்வளவு பாரத்தையும் தூக்கும் சொல்லோடு பயிற்சியைச் சேர்த்ததில் தப்பில்லை. பயில் என்பதற்குத் திரும்பத் திரும்பச் செய்வது என்ற பொருள் உண்டு. பூங்காவை எட்டுச் சுற்றுச் சுற்றுகிறவருக்கு அது பொருந்தவே செய்கிறது. நடுவில் வரும் ஒற்றெழுத்தையும் கவனியுங்கள். நடையைப் பயின்றான் என்பது ‘நடை பயின்றான்’, அங்கே ப் மிகாது. பெயரான ‘நடைப்பயிற்சி’யில் மிகும். அடி எண்ணி நடப்பவருக்கு ஒரு துணுக்கு: நாளுக்கு 10,000 அடி என்ற கணக்கு எந்த மருத்துவ நூலிலும் பிறக்கவில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ என்ற கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பதுதான்.

சரி, அந்த இரண்டாம் ஆள்? அவருக்கு ‘உலாத்தல்’ இருக்கிறது. உலா என்றால் சாமியும் ராஜாவும் வீதியில் வருவது. ஒரு சிற்றிலக்கிய வகைக்கும் அதுதான் பெயர். அதைவிட நெருக்கமாக எனக்குத் தோன்றுவது ‘காலாற நடப்பது’. பசியாற, இளைப்பாற, காலாற. நடந்தால் கால் வலிக்கும் என்பதுதான் பொதுவான எண்ணம். இங்கே நடப்பதால் கால் ஆறுகிறது. இதற்கு ஆங்கிலத்தில் ஈடு தேடினேன். காலை நீட்டி நிமிர்த்துவது என்கிறார்கள். ஆறுவது அதில் இல்லை.

நேற்று மாலை வேப்பமரத்தடிக்காரரை மறுபடி பார்த்தேன். ‘என்ன சார், சாயங்காலமும் வாக்கிங்கா?’ என்றேன்.

‘சேச்சே, வாக்கிங் காலையில முடிஞ்சுதுப்பா, டாக்டர் சொன்னது. இது சும்மா காலாற’ என்றார்.